தெருவில் தேங்கும் மழைநீர்: மனு எழுதுவது முதல் வேலை முடிவது வரை, சென்னைவாசிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெரு நூற்றைம்பது மீட்டர் நீளம். ஐப்பசி மாதத்து முதல் கனமழைக்கே நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மூன்று நாள் வடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவோம். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிச் சென்ற நாளும் உண்டு. அந்தக் காட்சிக்குப் பிறகுதான் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இதைக் கையில் எடுத்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து வடிகால் வேலை முடிய இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்குள் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். மழைநீரை உதாரணமாக வைத்துச் சொன்னாலும் தெருவிளக்கு, சாலை, குப்பை எல்லாவற்றுக்கும் வழி ஏறக்குறைய இதுவேதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வார்டு அலுவலகத்தில் இருக்கும் அதிகாரிக்கு உங்கள் கஷ்டம் தெரியும். அந்தக் கஷ்டத்தை ஒரு கோப்பாக மாற்றினால்தான் அவரால் பணம் கேட்க முடியும். கோப்புக்கு அளவு வேண்டும், காரணம் வேண்டும், தேதி வேண்டும். அவற்றை நாம் கொடுத்தால் அவர் வேலை பாதியாகக் குறையும். கொடுக்காவிட்டால் நம் மனு நூறு மனுக்களுக்கு அடியில் போய்விடும்.

படி 1: இது யார் வேலை?

பெருநகர சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். 2011-இல் நகர எல்லை விரிந்தபோது 155 வார்டு 200 ஆனது, மண்டலங்கள் 10-இலிருந்து 15 ஆயின. ஆனால் தெருவில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே மாநகராட்சியுடையது என்று நினைத்தால் அங்கேயே ஆறு மாதம் வீணாகும்.

மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, கொசு ஒழிப்பு, பூங்கா, தெருநாய்களுக்கான கருத்தடை இவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978-இல் தனியாக அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மெட்ரோ வாட்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், தெரு ஓரத்து மின்பெட்டி ஆகியவை மின்வாரியத்துக்கு. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையிடம். மாநகராட்சிக்குள்ளேயே கூட, பஸ் ஓடும் சாலைகளைத் தலைமையகத்தில் இருக்கும் பேருந்துத் தடச் சாலைகள் துறை பார்க்கிறது. உங்கள் தெருமுனை பஸ் ரூட்டில் சேர்ந்தால், முனையில் இருக்கும் பள்ளத்துக்கு வார்டு பொறியாளரிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

தேங்கி நிற்கும் தண்ணீரில் ஒரு சிக்கல் உண்டு. அது மழைநீரா, சாக்கடையா என்று கேட்பார்கள். மழைநீர் என்றால் மாநகராட்சி, சாக்கடை என்றால் குடிநீர் வாரியம். இதைத் தீர்க்க எளிய வழி: சித்திரை, வைகாசியில் மழையே இல்லாத ஒரு நாளில் மழைநீர் வடிகாலின் மூடியைத் திறக்கும்போது (ஊழியர்கள் தூர் வார வரும்போது கேட்டால் காட்டுவார்கள்) உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், யாரோ வீட்டுக் கழிவுநீரை வடிகாலில் இணைத்திருக்கிறார்கள். அப்போது இரண்டு அலுவலகங்களுக்கும் மனு போக வேண்டும். மழை பெய்யும்போது மேன்ஹோல் மூடி வழியே கறுப்பு நீர் பொங்கினால் அது குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கான வேலை. அவர்களுடைய புகார் எண் 044-45674567. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பகுதி அலுவலகங்களில் அவர்கள் நடத்தும் குறைதீர்க் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். பொறியாளர் எதிரில் உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அங்கே கிடைக்கும். மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

படி 2: அளவும் ஆதாரமும்

எங்கள் முதல் மனுவில் பதினொரு பிரச்சினைகளை எழுதினோம். விளக்கு எரியவில்லை, தண்ணீர் நிற்கிறது, நாய்த் தொல்லை, மரக்கிளை, கொசு என்று ஒரே தாளில். அது எங்கள் தவறு. ஒவ்வொன்றும் வேறு வேறு பிரிவுக்குப் போக வேண்டியது. ஒரே தாள் பதினொரு மேசைக்குப் போக முடியாது. ஒரு பிரச்சினைக்கு ஒரு மனு என்று அன்றே முடிவு செய்தோம்.

எழுதும் முன் இவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். வார்டு எண் (எல்லைகள் மாற்றியமைக்கப்பட்ட பிறகுதான் 2022 தேர்தல் நடந்தது, உங்கள் நினைவில் இருக்கும் பழைய எண் தவறாக இருக்கலாம்), மண்டல எண், தெருவின் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை. விளக்குப் புகார் என்றால் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண். அந்த எண் இல்லாத புகாரை மின்பணியாளர் தெருவெல்லாம் தேட வேண்டிவரும்.

தண்ணீர் தேங்குவதற்கு இன்னும் ஒன்று தேவை: மட்டம். சங்கத்தில் இருந்த ஒரு கொத்தனார், வீடு கட்டும்போது பயன்படுத்துகிற தண்ணீர் நிரப்பிய ட்யூப்பைக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழெட்டுப் பேர் சேர்ந்து பத்து மீட்டருக்கு ஒரு இடமாகத் தெரு முழுக்க மட்டம் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர் வெளியேற வேண்டிய முனை தெருவின் நடுவைவிட உயரமாக இருக்கிறது என்று. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே அடுக்கியதால் முனை ஏறியிருந்தது. இருக்கும் வடிகாலைத் தூர் வாரி வாரி என்ன பயன்? அந்த ஒரு தாள், கையால் போட்ட வரைபடம், எங்கள் முழு வழக்கையும் மாற்றிவிட்டது. உங்கள் ஊரில் உள்ள கொத்தனார்களிடம் இந்த உதவியைத் தயங்காமல் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு நிலத்தின் போக்கு நம்மில் பலருக்குத் தெரியாது.

புகைப்படம் எடுக்கும்போது தேதி தெரிய எடுங்கள். மழை நின்ற உடனே ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் ஒன்று, எல்லாம் ஒரே இடத்திலிருந்து. மழை பெய்யும்போது தண்ணீர் நிற்பது எல்லாத் தெருவிலும் நடக்கும். மறுநாளும் நிற்பதுதான் உங்கள் ஆதாரம்.

படி 3: 1913-இல் பதிவு

மாநகராட்சியின் புகார் எண் 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் அதுதான் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ள எளிது. 'நம்ம சென்னை' செயலியிலும் பதியலாம், படமும் இணைக்கலாம். புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். அதைச் சங்கத்தின் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

விளக்கு, குப்பை, விழுந்த மரம், உடைந்த வடிகால் மூடி, அடைப்பு போன்றவற்றுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். இவை பராமரிப்பு வேலைகள். ஆளும் வண்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய வடிகால், புதிய சாலை, புதிய கம்பம் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு மதிப்பீடு (வேலைக்கு ஆகும் செலவுக் கணக்கு), நிதி, ஒப்பந்தம் வேண்டும். அப்படிப்பட்ட புகாரை 1913-இல் பதிந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்றோ 'நிதி வந்ததும் செய்யப்படும்' என்றோ முடித்துவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்தப் பதிவு எண்ணே உங்கள் அடுத்த மனுவின் முதல் ஆதாரம். பராமரிப்புப் புகாரை வேலை செய்யாமல் முடித்திருந்தால் மட்டும் அன்றே படத்தோடு மறுபடி திறக்கக் கேளுங்கள்.

படி 4: ஏ.இ.யைச் சந்தியுங்கள்

வார்டில் நீங்கள் அறிந்துவைக்க வேண்டிய முதல் ஆள் உதவிப் பொறியாளர். எல்லோரும் ஏ.இ. என்பார்கள். உங்கள் தெருவில் எது கட்டப்பட வேண்டும் என்றாலும் மதிப்பீட்டை முதலில் எழுதுவது அவர் கைதான். அதற்குமேல் உதவிச் செயற்பொறியாளர், மண்டலத்தில் செயற்பொறியாளர், பின்பு வட்டாரத் துணை ஆணையர், ஆணையர். தொகை கூடக் கூட ஒப்புதல் மேலே மேலே போகும். குப்பை, கொசு, சுகாதாரத்துக்குத் துப்புரவு ஆய்வாளர் தனி.

ஏ.இ. காலை நேரத்தில் வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் இரவு முழுக்கப் பம்பு செட்டோடு நிற்பவரும் அவரே. ஆகவே முதல் நாள் போனில், "சார், எப்போ வந்தா உங்களைப் பார்க்கலாம்? பத்து நிமிஷம் போதும்" என்று கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று பேர் போதும். முப்பது பேர் போனால் அது போராட்டமாகத் தெரியும். பெரியவர் ஒருவர், விவரம் பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர் என்று நாங்கள் போவோம்.

மட்டம் பார்த்த தாளை நீட்டியதும் அவர் கேட்டது, "இந்த ரோடு கடைசியா எப்போ போட்டாங்க? மில்லிங் பண்ணாங்களா?" என்றுதான். பழைய தாரைச் சுரண்டி எடுப்பதைத்தான் மில்லிங் என்கிறார்கள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடிப் பார்த்து, வாசற்படி எத்தனை இருந்தது, இப்போது எத்தனை தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தோம். நீங்கள் போகும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

மனு இப்படி இருந்தால் போதும்:

பெறுநர்: உதவிப் பொறியாளர், வார்டு எண் __, மண்டலம் __.
பொருள்: __ தெரு, கதவு எண் __ முதல் __ வரை மழைநீர் தேங்குதல், வடிகால் சீரமைப்பு கோருதல்.
இந்தத் தெருவில் __ வீடுகள் உள்ளன. __ தேதியில் பெய்த மழையின் நீர் __ தேதி வரை வடியவில்லை. தெருவின் நடுப்பகுதி வெளியேறும் முனையைவிட __ சென்டிமீட்டர் தாழ்வாக இருப்பதை அளந்து பார்த்தோம். அளவுத்தாள் இணைப்பு 1. படங்கள் இணைப்பு 2. 1913 புகார் எண்கள் __. நேரில் ஆய்வு செய்து மதிப்பீடு தயாரித்து, ஆய்வு நாளை எங்களுக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

அவ்வளவுதான். 'தாங்கள் சமூகம் அவர்களுக்குப் பணிவான வணக்கம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நிரப்ப வேண்டாம். சட்டப் பிரிவு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய மனு மாதிரிகளில் இருக்கும் 1919-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், 1998-உம் அதன் 2023 விதிகளும்தான் பொருந்தும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை.

படி 5: கவுன்சிலர்

2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை. தனி அதிகாரி மட்டும். அதற்கு முன் 1973 முதல் 1996 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அந்த ஆண்டுகளில் ஒரு தெருவின் குறையை மன்றத்தில் எழுந்து சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்கும்போது உணர்கிறேன்.

கவுன்சிலர் வேலை உத்தரவு போட மாட்டார், பில் பாஸ் செய்ய மாட்டார். ஆனால் மூன்று விஷயங்கள் அவர் கையில் உள்ளன. வார்டு மேம்பாட்டு நிதியில் எந்த வேலை முதலில் என்று பரிந்துரைப்பது, மண்டலக் குழுக் கூட்டத்தில் பேசுவது, மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்புவது. ஏ.இ.யிடம் மதிப்பீடு தயாராகி நிதி இல்லாமல் கிடக்கும் நேரத்தில்தான் கவுன்சிலரின் சொல் அதிக எடையுள்ளதாகும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஏ.இ., மதிப்பீட்டுத் தொகை தெரிந்த பிறகு கவுன்சிலர். வெறுங்கையோடு போய் 'ஏதாவது செய்யுங்க' என்று கேட்பதைவிட, 'இந்த வேலைக்கு இவ்வளவு தொகைக்கு மதிப்பீடு இருக்கிறது, இந்த ஆண்டு நிதியில் சேருங்கள்' என்று கேட்டால் அவருக்கும் எளிது.

மாநகராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால், மனுவை அவரிடமே கொடுங்கள், அவரிடமே பேசுங்கள். போனை எடுப்பவர் கணவராகவோ அண்ணனாகவோ இருந்தால், "அம்மாகிட்டதான் பேசணும்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். நாம் ஓட்டுப் போட்டது அவருக்கு. நாமே அவரைத் தாண்டிப் போனால் அந்த இட ஒதுக்கீட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். காலை ஆறு மணி முதல் இரவு வரை வாசலில் ஆள் நிற்கும் வேலைக்கு அது. மனதில் கொண்டு பேசுங்கள்.

வார்டு நிதி போதாத பெரிய வேலை என்றால் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மக்கள் ஒரு பங்கு போட்டு அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டமும் உண்டு. பூங்கா, நூலகம், குளம் போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

படி 6: ஏரியா சபை

கிராமசபை போல நகரத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. வார்டுக் குழு, ஏரியா சபைக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க நகரங்களில் முதல் கூட்டங்கள் நடந்தன. அப்போதைய முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அங்கே வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் உறுப்பினர்.

கூட்ட நாளை வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேசியதோடு விடாமல், உங்கள் கோரிக்கை நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்ப் பாருங்கள். கூட்டத்துக்கு வருபவர் குறைவாக இருந்தால் உங்கள் தெருவிலிருந்து இருபது பேர் போவதே பெரிய பலம். வீட்டுவேலை முடித்து வரும் பெண்களுக்கு ஏற்ற நேரமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் நிற்பதன் முழுக் கஷ்டத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களே.

படி 7: நாட்காட்டி

கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது மனு கொடுத்து மார்கழியில் வடிகால் கேட்டால் நடக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை; அந்தச் சமயத்தில் சாலையை வெட்ட அனுமதி கிடைக்காது, இருக்கிற ஆளெல்லாம் பம்பு செட்டுக்கும் தூர் வாருவதற்கும் போய்விடுவார்கள். மழையில் செய்ய வேண்டியது படமெடுத்து ஆதாரம் சேர்ப்பது மட்டும். மனுவைத் தை மாதத்தில் கொடுங்கள். மாநகராட்சி பட்ஜெட் மார்ச் வாக்கில் வரும். அதற்கு முன் மதிப்பீடு ஏ.இ. மேசையில் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஒப்பந்தப்புள்ளி கோரினால் செப்டம்பருக்குள் வேலை முடிய வாய்ப்புண்டு.

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் வரும். 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்குமேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. வேலையின் பெயரில் வார்டு எண்ணும் தெருப் பெயரும் இருக்கும். அங்கே உங்கள் தெருவின் பெயரைப் பார்க்கும் நாள் ஒரு நல்ல நாள்.

படி 8: வேலை நடக்கும்போது

இந்தக் கட்டத்தில் ஓய்ந்துவிடாதீர்கள். வேலைப் பெயர்ப் பலகை வைக்கச் சொல்லுங்கள். தொகை, ஒப்பந்தக்காரர், முடிக்கும் நாள் அதில் இருக்கும். வடிகாலின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன் சரிவைப் பாருங்கள். போட்டபின் யாராலும் திருத்த முடியாது. சாலையிலிருந்து தண்ணீர் வடிகாலுக்குள் இறங்க, வண்டல் தொட்டியும் (மண்ணும் குப்பையும் தங்கும் சிறு குழி) கம்பி மூடியும் வேண்டும். வடிகால் பிரமாதமாகக் கட்டி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் விட்டால் அது ஒரு நீளமான நடைமேடைதான். அடுத்த வடிகாலோடு இணைகிறதா என்பதையும் கடைசி வரை நடந்து போய்ப் பாருங்கள். 2021 வெள்ளத்துக்குப் பின் அரசு அமைத்த திருப்புகழ் குழுவின் பரிந்துரைகளின்படி நகரில் நிறைய வடிகால்கள் கட்டப்பட்டன. இருந்தும் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில் இணைப்பு விட்டுப்போனால் அத்தனை செலவும் பலன் தராது.

பிறகு சாலை போட வருவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுத்துமூலம் உத்தரவிட்டிருக்கிறார். மில்லிங் வண்டி வராமல் தார் வண்டி மட்டும் வந்தால் அந்த நிமிடமே ஏ.இ.க்குப் போன் செய்யுங்கள். வேலையாட்களிடம் சண்டை வேண்டாம். தகிக்கிற தாரோடு நிற்கிற அவர்கள் முடிவெடுப்பவர்கள் இல்லை. அவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுங்கள்.

படி 9: நகராமல் நின்றுவிட்டால்

முத்திரை வாங்கிய மனுவின் நகலோடு செயற்பொறியாளர், பிறகு வட்டாரத் துணை ஆணையர். அரசின் குறைதீர் பிரிவான 'முதல்வரின் முகவரி'யின் தொலைபேசி எண் 1100. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பலாம். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியில் பெறப்பட்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகளின் நகல், மதிப்பீட்டின் நகல், இந்தத் தெருவில் கடந்த பத்தாண்டுகளில் போடப்பட்ட சாலைகளின் தேதி, தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் தங்கம் போன்றது. அந்தக் காலம் முடியாமல் சாலை பெயர்ந்தால் ஒப்பந்தக்காரரே தன் செலவில் சரி செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நடக்கும் வேலையைப் பார்வையிடவும் பயன்படுத்தும் பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட உரிமை தருகிறது.

வேலை முடிந்த பிறகும் ஒரு கடமை மிச்சம். எங்கள் சங்கத்தில் ஆவணி கடைசி ஞாயிறு காலை எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் வருவார். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு வண்டல் தொட்டியிலும் என்ன கிடக்கிறது என்று பார்த்து எழுதுவோம். மூடி உடைந்த இடம், கட்டட மணல் கொட்டிய இடம், வீட்டுக் குழாயை வடிகாலில் சொருகிய இடம். கடைசி வகைக்கு அந்த வீட்டுக்காரரிடமே முதலில் பேசுவோம். மற்றவை அன்று மதியமே 1913-இல் பதிவாகும். திங்கட்கிழமை நகல் ஏ.இ.க்குப் போய்ச் சேரும்.